வலைச் சாயத்தில் வெந்த பற்கள்

எனக்கு இப்போது மேலும் கீழும் பல்செட்டுதான். மாட்டிக்கொண்டு வந்த அன்று வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கொஞ்சம் சிரியுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆலையின் கலாசி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய சொந்தப் பற்களில் பலவற்றைப் பிடுங்கியவன் நான். பிறகு அவரைப் பல் கட்டிக்கொள்ளச் சொன்னவனும் நான்தான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மருந்து கலக்கும் படிப்பை முடித்துவிட்டு, ராயபுரத்தில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு ஓடினார்களே, அந்த வருஷம் அந்த ஆலையின் கம்பவுண்டரும் ஓடிவிட்டார். அவருடைய நாற்காலி எனக்குக் கிடைத்தது. என்னைக் குண்டுக்கு அஞ்சாத வீரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊருக்குப் போனால் சோற்றுக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

டிஸ்பென்சரி என்பது ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். திறந்து வைத்தால் புகைபோக்கியின் கரி மருந்துப் புட்டிகள் மேல் படியும். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். வெட்டுக் காயத்துக்கு அயோடின், வயிற்று வலிக்குச் சிவப்புத் தண்ணீர், பல் வலிக்குக் கிராம்புத் தைலம். தைலத்துக்கு அடங்காத பல்லைப் பிடுங்க இரண்டு குறடுகள் இருந்தன. பல்லில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம் என்று படித்திருக்கிறேன். அதற்கான சாமான் எதுவும் அங்கே இருந்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அந்தப் பக்கத்து வாய்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த நாளில் யாருக்கும் தெரிந்திருக்காது. செங்கல் தூள், அடுப்புக் கரி, உப்பு, கடற்கரை மணல், எதைக் கொண்டும் பல் தேய்ப்பார்கள். குப்பத்துக் கிழவிகள் சுருட்டின் நெருப்புப் பக்கத்தை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுடைய மேலண்ணம் வெந்து வெளுத்திருக்கும். நாற்பது வயதில் பல் ஆடுவதைத் தலை நரைப்பது மாதிரித்தான் எடுத்துக்கொண்டார்கள். பல் போனவர்கள் வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்து அதக்கிக்கொண்டார்கள். சோற்றைக் குழைத்து, மீனைப் பிய்த்து உதிர்த்து, நாக்கால் அண்ணத்தில் அழுத்தி விழுங்கினார்கள். கறி என்றால் மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு ரசம் குடித்தார்கள். யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. கன்னம் வீங்கி, கண் மூடிப்போனால் மட்டும் என்னிடம் வருவார்கள்.

பல் பிடுங்குவது டாக்டரின் வேலை. கம்பவுண்டர் தலையைப் பிடித்துக்கொள்ளலாம், குறட்டைத் தொடக் கூடாது. ஆனால் புதன்கிழமை வீங்கின கன்னம் வெள்ளிக்கிழமை வரை பொறுக்குமா? முதல் வருஷத்திலேயே நான் குறட்டைத் தொட்டுவிட்டேன். டாக்டருக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துவிட்டார், அவருக்கு அது சௌகரியம். எனக்குக் கை நன்றாக வந்தது. ஒரு திருகு, ஓர் இழுப்பு, தீர்ந்தது. "டாக்டரு கைய விட உன் கை சோக்கா கீது" என்று தொழிலாளர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களையும் பிடுங்கினேன். இதை இப்போதுதான் சொல்கிறேன்.

கலாசி என்றால் கயிறும் கப்பியும் சங்கிலியும் கொண்டு கனமான இயந்திரங்களைத் தூக்கி இறக்குகிறவர். எங்கள் ஆலையின் கலாசிகளில் பலர் எண்ணூர்ச் சாலையோரத்துக் குப்பங்களில் இருந்து வந்த மீனவர்கள். கயிறு அவர்கள் பேச்சைக் கேட்கும். நான் சொல்கிறவர் அவர்களில் தலையானவர். ஆள் குள்ளம், தோள் இரண்டும் கல் மாதிரி. புகைபோக்கியின் உச்சிக்கு வெறுங்காலோடு ஏறி, அங்கே உட்கார்ந்து பீடி பற்ற வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்ப்பது அவருடைய பழக்கம். கட்டுமரத்தில் கற்றது. நனைந்து இறுகிய முடிச்சு, உள்ளே உப்பும் மணலும். முதல் முதலாக அவர் என்னிடம் வந்தபோதே முன்பற்கள் இரண்டு பாதியாக உடைந்திருந்தன. ரிஜிஸ்டரில் எழுத வயது கேட்டேன்.

"எம்டன் கப்பல் குண்டு போட்டான் பாரு, அப்ப எனுக்கு ஏழு வயசு. எண்ணெ டேங்கி எரிஞ்சத எங்க அப்பன் தோள்மேல ஏறிகினு பாத்தேன்."

எம்டன் வந்து இருபத்தெட்டு வருஷம் என்று கணக்குப் போட்டு, முப்பத்தைந்து என்று எழுதினேன்.

அதன் பிறகு பதினோரு வருஷம் அவர் வந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல "வலிக்கா அண்ணாச்சி?" என்பேன். அவருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வேடிக்கை.

"அண்ணாச்சியாம்ல! நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்? புடுங்கு நைனா, அப்பால பேசலாம்."

தலையைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்து, கண்ணை மூடாமல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட முனகியதில்லை. பல் வெளியே வந்ததும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வேலைக்குப் போவார். உடைந்தது போக, ஆடி விழுந்தது போக, நாங்கள் பிடுங்கியது போக, கடைசியில் அவர் வாயில் மூன்று பற்கள் மிஞ்சின. அப்போதும் அவர் புகைபோக்கியில் ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில், தொழிலாளர் ஒவ்வொருவருடைய வயதையும் ஆலை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐம்பத்தைந்து முடிந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். பிறந்த தேதிக்குச் சான்று வைத்திருந்தவர்கள் எழுத்தர்களும் என்னைப் போன்ற சிலரும்தான். மற்றவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சொல்வதே வயது.

டாக்டர் கெட்டவர் அல்ல. அவர் ஒரு வழி வைத்திருந்தார். முன்பு சின்னப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லிக் கூட்டி வருவார்கள். அப்போது அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்து, முளைக்காத பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். பல குழந்தைகள் அதனால் பிழைத்தன. அதே வழியைப் பெரியவர்களுக்கும் வைத்துவிட்டார். டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்ப்பார், ஓர் எண் சொல்வார், நான் எழுத வேண்டும். பல் முளைக்கக் காலம் உண்டு, அது விழுவதற்குக் காலம் கிடையாது என்பது ஒரு கம்பவுண்டருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். வரிசையில் நூற்றுக்கணக்கான பேர் நிற்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

முதல் நாளே நான்கைந்து பேர் வீட்டுக்குப் போனார்கள். உடனே ஆலை முழுக்கக் கலவரம். நரைத்த தலைகளெல்லாம் கறுத்தன. ஒருவர் பூட்ஸ் பாலிஷ் தடவிக்கொண்டு வந்து வெயிலில் நின்று காதோரம் ஒழுகவிட்டார். கலாசிகளின் முறை மூன்று மாதம் கழித்து என்று பட்டியல் ஒட்டினார்கள்.

அன்று மாலை அந்தக் கலாசி டிஸ்பென்சரிக்கு வந்தார். வலி ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லுதான் பாக்கறாராமே?"

"ஆமா அண்ணாச்சி."

"மூணு கீது எனுக்கு. மூணுக்கு இன்னா வயசு போடுவாரு?"

நான் குறட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

"வெளியே தள்ளிட்டா பேஜாரு நைனா. பெரிய பொண்ண இந்த வருசம்தான் கட்டிக் குடுத்தேன். சின்னது ரெண்டும் வூட்ல கீது. நாப்பத்தாறு வயசுல நான் இன்னா பண்ணுவேன்?"

பட்டணத்துக் கடைத்தெருவில் ஒரு சீனாக்காரர் பல் கட்டுகிறார் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். கடை வாசலில் பெரிய பல் படம் போட்ட பலகை தொங்கும். அவரிடம் போய் முழுப் பல்லும் கட்டிக்கொண்டால் டாக்டருக்கு என்ன தெரியப் போகிறது என்று சொன்னேன். டார்ச்சு வெளிச்சத்தில் ஒரு நிமிஷம், அதற்குள் எவன் கண்டுபிடிப்பான் என்றேன். சொல்லும்போது எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அவர் போனார். கட்டுமரத்திலும் வலையிலும் அவருக்கு இருந்த பங்கை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தோடு போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சீனாக்காரர் மிச்சம் இருந்த மூன்றையும் பிடுங்கி, ஈறு ஆறக் காத்திருக்கச் சொல்லி, அப்புறம் வாய் நிறைய மாவு மாதிரி எதையோ அப்பி அளவு எடுத்தாராம்.

"நடுக் கடல்ல கவுந்தப்பகூட இப்டி மூச்சு முட்டல" என்றார்.

பல் வந்தது. என் அறையில் வைத்துத்தான் முதலில் மாட்டிக் காட்டினார். நான் ஆடிப் போனேன். எண்ணிப் பார்த்தால் பிசகாத வரிசை, அரிசி மாதிரி வெள்ளை. வெற்றிலையும் பீடியும் பட்டுக் கறுத்த உதட்டுக்குள் அது யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் வாயைத் திருடி வைத்தது போல இருந்தது. அவர் முகமே அவருக்குச் சொந்தமில்லாததாக மாறிவிட்டது. பேசினால் கட்டைகள் மோதுகிற சத்தம். சாப்பிட முடியுமா என்று கேட்டேன். ஈறெல்லாம் புண்ணாகிவிட்டது, சோற்றுக்கு உட்காரும்போது கழற்றிவிடுகிறேன் என்றார். இன்று எனக்கு அது புரிகிறது. அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு சொன்னேன்: "அண்ணாச்சி, இவ்வளவு வெள்ளையா இருந்தா மாட்டிக்கிடுவீங்க. வெத்தலை போடுத வாயில இப்படியா பல்லு இருக்கும்? கொஞ்சம் கறை ஏறட்டும், நல்லா வெத்தலை போடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மென்று மென்று கறை ஏற்ற அவருக்கு முடியாது, ஈறு புண். நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் தனக்குத் தெரிந்த வழியை யோசித்திருக்கிறார்.

அந்த நாளில் நைலான் வலை கிடையாது. பருத்தி நூல் வலை உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் மரப்பட்டையைப் பெரிய அண்டாவில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, அந்தத் துவர்ச் சாயத்தில் வலையை முக்கி எடுத்து மணலில் காயப் போடுவார்கள். வலை செம்பழுப்பாக மாறும், வருஷக் கணக்கில் உழைக்கும். வலை மட்டுமில்லை, பாய்த்துணி, கயிறு, தண்ணீரில் கிடக்கிற எதுவானாலும் குப்பத்தில் அண்டாவுக்குள் ஒரு தடவை போய் வர வேண்டும். பல்லும் நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற சாமான்தானே? கறையும் ஏறும், உழைக்கவும் செய்யும். அண்ணன் வீட்டில் வலைக்குச் சாயம் காய்ச்சிய அன்று, இவர் பல்செட்டைத் துணியில் முடிந்து, கயிற்றில் கட்டி, அண்டாவுக்குள் தொங்கவிட்டுவிட்டார். வலைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் அவர் வந்து அந்தத் துணி முடிச்சை என் மேஜையில் அவிழ்த்தார். பல் என்னவோ பெரிதாக நிறம் மாறவில்லை, லேசாக மஞ்சளித்திருந்தது. ஆனால் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்த தகடு காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குப் போய், வெந்நீரில் நெளிந்து முறுக்கிக்கொண்டிருந்தது. மேல்செட்டின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறு பக்கம் தூக்கியது.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீதான நைனா கறை ஏத்தச் சொன்ன?"

உண்மைதான். மருந்துக் கலவை கட்டியாக வருவதற்குப் போடும் பிசின் தூள் கொஞ்சம் எடுத்து, நனைத்து, தகட்டின் உள்பக்கம் பூசி மாட்டிப் பார்த்தோம். பிடித்துக்கொண்டது. பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, அப்படியானால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று கணக்குச் சொன்னேன். ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் டாக்டர் ஒன்பது மணிக்கு வர வேண்டியவர், பதினொன்றரைக்கு வந்தார். ரயில்வே கேட்டில் கார் நின்றுவிட்டதாம். கலாசிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். நம் கலாசி எட்டாவது ஆள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். யாரோ கிண்டலாகக் கேட்டதற்குக்கூடக் கையைத்தான் ஆட்டினார். பத்து மணி வாக்கில் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எச்சிலை எத்தனை நேரம்தான் அடக்குவது?

உள்ளே வந்தார். "வாயைத் திற" என்றார் டாக்டர். திறந்தார். மேல்செட்டு மெதுவாக, தானாக, கீழே இறங்கிக் கீழ்ச்செட்டின் மேல் உட்கார்ந்தது. வாய் திறந்திருக்க, பற்கள் மூடியிருந்தன. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"எடு வெளியே."

அவர் இரண்டையும் எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தார்.

"யாரை ஏமாத்தப் பார்க்கறே? வயசு குறைச்சலா இருக்கறவன் எதுக்குப் பல் கட்டிண்டு வருவான்? ஐம்பத்தெட்டு." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ."

"சார், எம்டன் குண்டு போட்டப்ப எனுக்கு ஏழு வயசு சார். அப்பன் தோள்ல ஒக்காந்து பாத்தேன்."

"எல்லாரும் எம்டன் கதைதான் சொல்றான்."

"நீங்க சொல்றாப்ல அம்பத்தெட்டுன்னா அன்னிக்கு எனுக்குப் பத்தொம்போது சார். பத்தொம்போது வயசுக் கடாவ எந்த அப்பன் சார் தோள்ல தூக்குவான்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கும்போது, கலாசி இன்னொன்று சொன்னார்.

"இந்த ரூம்புலதான் சார் புடுங்கினாங்க. பதினேழு பல்லு. புஸ்தகத்துல எழுதிக் கீது. பாருங்க சார், எந்த வயசுல புடுங்கினதுன்னு."

யார் பிடுங்கியது என்று அவர் சொல்லவில்லை. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். டாக்டரும் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

ரிஜிஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், மூன்றாவது தட்டில் இருந்தது. கையை நீட்டினால் போதும். பதினேழு வரியிலும் பிடுங்கிய ஆளின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பதினொன்றில் என் கையெழுத்து இருந்தது. புத்தகம் மேஜைக்கு வந்தால் மேலே ஆபீசுக்கும் போகும். அனுமதி இல்லாமல் குறடு பிடித்த கம்பவுண்டரை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. இதெல்லாம் அந்த நிமிஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தேன் என்றால் பொய். பயந்தேன். அவ்வளவுதான்.

"பழைய ரிஜிஸ்டர் எல்லாம் எங்க கிடக்குன்னு தேடணும் சார்" என்றேன்.

"நேரம் இல்லை. எழுது."

எழுதினேன். ஐம்பத்தெட்டு. என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றும் அப்படித்தான் இருந்தது. அவர் பீங்கான் தட்டிலிருந்து பற்களை எடுத்து, கைலி மடிப்பில் முடிந்துகொண்டு வெளியே போனார். வாசலில் நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில், யாருக்கும் எந்தச் சட்டமும் தெரியாத காலத்தில், இருபத்திரண்டு வயதுப் பையனாக நான் எழுதியது: வயது முப்பத்தைந்து. அதற்குக் கீழே, அடைப்புக்குள், எம்டன் குண்டின்போது ஏழு. அதோடு பதினோரு வருஷம் கூட்டினால் நாற்பத்தாறு. டாக்டருக்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும்? எனக்கு வெட்கமாக இருந்தது. புத்தகத்தை மூடி மறுபடியும் அதே தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை டாக்டரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று ராயபுரத்தில் இறங்கும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து அவருடைய குப்பத்துக்குப் போனேன். போனதை ஒரு பெரிய காரியமாகச் சொல்லவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. உச்சி வெயில். கரையில் அண்ணனின் வலை காய்ந்துகொண்டிருந்தது, புதிதாகச் சாயம் ஏற்றியது. அந்த வலையில் இப்போது அவர் கூலிக்கு இழுக்கிறார் என்று வழியிலேயே யாரோ சொன்னார்கள். பங்கு இருந்த இடத்தில் கூலி.

அவர் வீட்டுக்குள் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாயில் பல் இல்லை. அது மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னப் பெண்கள் இரண்டும் அதைப் பொம்மைக்கு வைத்து விளையாடுகின்றன என்று அவர் மனைவி சொன்னார். என்னைப் பார்த்ததும் அவர், "வா நைனா, குந்து" என்றார்.

குந்தினேன். வரும் வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். புத்தகம் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது, தேட வேண்டிய அவசியமே இல்லை, வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன் என்று சொன்னேன். வார்த்தைகள் நான் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சமாகவே இருந்தன.

"தெரியும்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழையக் குழையப் பிசைந்தார். பிறகு சொன்னார்: "நானும் உன் பேரச் சொல்லிக் குடுத்திருப்பேன். வாயத் தொறந்தா செட்டு வுழுந்துடும்னுதான் கம்முனு இருந்துட்டேன்."

மனைவி சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் டாக்டரிடம் பேசியபோது செட்டு இரண்டும் பீங்கான் தட்டில் கிடந்தன. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மனைவி எனக்கும் ஒரு தட்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சோறு, குழம்பு, பக்கத்தில் வறுத்த கருவாடு. நன்றாகக் காய்ந்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிந்தது. கணவர் தட்டிலும் பழக்கத்தில் இரண்டு துண்டு வைத்துவிட்டிருந்தார். கலாசி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் போட்டார்.

"நீ துண்ணு நைனா. உனுக்குப் பல்லு கீதே."

அவர் குழைத்த சோற்றை உருட்டி வாயில் போட்டு, நாக்கால் அழுத்தி விழுங்கினார். நான் கருவாட்டைக் கடித்தேன். அந்தச் சின்ன வீட்டில் நான் மெல்லுகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. எல்லாத் துண்டையும் தின்று முடிக்கும் வரை அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.